அலுமாரிக்குள் டோச் பார்த்தவர்கள்

டோச் லைட் விற்கிறவனுக்குள்ள பெரிய துன்பம், அவன் கடை திறந்திருக்கிற நேரமெல்லாம் சூரியனும் கடை திறந்திருப்பதுதான்.

புடவைக்கடைக்காரன் புடவையை விரித்துக் காட்டலாம். பழக்கடைக்காரன் ஒரு துண்டு வெட்டிக் கையில் தரலாம். கல்முனை பஸாரில், தார் உருகுகிற வெயிலில் நான் ஒரு டோச்சை அமத்தி, "இது குறைஞ்ச வெளிச்சம், இது நடு, இது கூட" என்று சொன்னால், வாங்க வந்தவர் மூன்று தரமும் என் முகத்தைத்தான் பார்ப்பார். என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், சேட் பொக்கெட்டில் கொள்கிற சின்ன டோச் ஒன்றை மலிவாக வாங்கிப் போய் வீட்டில் ஏச்சு வாங்கியவர்களுக்கும் இந்தத் துன்பம் விளங்கும். மற்றவர்கள், அண்ணன் என்கிற முறையில் காக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே, என்னைப் புளுகன் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

அலுமாரி வந்த விதம்

என் மனைவியின் அலுமாரியில் கறையான் ஏறியதென்று வெளியே போட்டார்கள். நான் அதன் தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கடை மூலையில் நிறுத்தினேன். உள்ளே ஒரு முக்காலி. டோச் வாங்க வருகிறவர் உள்ளே குந்தி, மூன்று வெளிச்சத்தையும் அமத்திப் பார்த்துவிட்டு வரலாம். கொண்டி உடைந்த கதவு தானாக நிற்காது. அதனால் என் கதிரையைப் பக்கத்தில் போட்டு, அதில் குந்தி, காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருப்பது லேசுப்பட்ட இருட்டில்லை. ஒரு தரம் மின்மினிப் பூச்சி ஒன்று உள்ளே போய், வெளியே வர வழி தெரியாமல் என்னிடம் டோச் கேட்டது.

கடையை இப்போது நடத்துகிறவர் என் மருமகன் றிஸ்வான். நல்ல பிள்ளை. தொழுகையையும் விடமாட்டார், போனையும் விடமாட்டார். "எல்லார்ட போன்லயும் லைட் இரிக்கி மாமா. ஆர் இனி டோச் வாங்குற?" என்று கேட்டு, நோன்பு வரமுன்னமே தவணையும் சொல்லிவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் அலுமாரி போக வேண்டும், அந்த மூலைக்குப் போன் கவர் தொங்கவிடுகிற றாக்கை வர வேண்டும். அலுமாரி போனால் கதிரைக்கு வேலையில்லை. கதிரைக்கு வேலையில்லாவிட்டால் எனக்குக் கடையில் வேலையில்லை. நாள் முழுக்க வீட்டில்தான் இருக்க வேண்டும். இந்த ஆபத்தை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அலுமாரியத் திருப்பிக் கொண்டு வந்தாலும் பரவாயில்ல. உங்களக் கொண்டு வந்து விட்டுராமப் பாத்துக்கங்க."

கடித்துப் பார்த்து வாங்கியவர்

ஒலுவில் பக்கத்து மீன்காரர் ஒருவர் வந்தார். டோச்சைக் கையில் எடுத்தார், வாயில் வைத்தார், கடித்தார். அடுத்ததை எடுத்தார், கடித்தார். என்ன இது என்று கேட்டால், "ரெண்டு கையாலயும் வலை இழுக்கிறவன் டோச்ச எதால புடிக்கிற?" என்று பல்லிடுக்கால் கேட்டார். நான் மருமகனைத் திரும்பிப் பார்த்தேன். போனைக் கடித்துக்கொண்டு வலை இழுக்கிறவர் யாரும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலும். தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்று வழுக்கியது, ஒன்று தாடைக்குப் பாரம், ஒன்று கைத்தது. கடைசியில் றப்பர் சுற்றிய மெல்லிய டோச் ஒன்றைக் கடித்தபடியே அலுமாரிக்குள் போனார். வெளிச்சம் கையில் விழுகிறதா, கண்ணில் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வெளியே வந்து டோச்சை வாயிலிருந்து இழுத்தார். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். டோச்சோடு மேல் பல்லுச் செட்டும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் ஒரு சொட்டும் வெட்கப்படவில்லை. பல்லைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "டோச் நல்லா இறுகுது காக்கா. பல்லத்தான் மாத்தோணும்."

ஆனைக்கு எத்தனையாம் வெளிச்சம்

வரிப்பத்தான்சேனையில் வயல் காவலுக்குப் போகிறவர் ஒருவருக்கு, தலையைத் திருகினால் வெளிச்சம் கூடிக் குறைகிற டோச் கொடுத்தேன். குறைந்த வெளிச்சம் வரம்பில் பாம்பு பார்த்து நடக்க, நடு வெளிச்சம் பன்றிக்கு, முழு வெளிச்சம் ஆனைக்கு என்று நானே பங்கும் பிரித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை வந்தார். நித்திரை கொண்ட முகம். ஒரு நுளம்புக் கடி இல்லை. காவல்காரருக்கு இது ஆகாத லட்சணம். விசாரித்தேன்.

கதிர் முற்றிய வயலுக்குள் ஆனை வந்ததாம். இவர் வெளிச்சத்தை முழுக்கத் திருகி அடிக்க, ஆனை ரெண்டு காதையும் முன்னால் மடித்துக் கண்ணைப் பொத்திக்கொண்டதாம். இவர் குறைக்கக் காது விரிந்ததாம், கூட்ட மடிந்ததாம். கூட்டியும் குறைத்தும் கொண்டிருக்க, காது அடித்த காற்றில் நுளம்பெல்லாம் பறந்து, இவருக்குக் காவல் குடிலான வாடிக்குள் விசிறி போட்ட மாதிரி நித்திரை வந்துவிட்டது. விடியப்புறம் சுபஹ் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் ஆனை போனதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போ நெல்லுக்கு ஒன்றுமில்லைதானே என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "கண்ணப் பொத்தினது காதால காக்கா. தும்பிக்கை சும்மாதானே இரிந்த."

குறைய, இன்னும் குறைய

காரைதீவிலிருந்து ஒரு நேர்ஸ் பிள்ளை வந்தா. ஆஸ்பத்திரியில் இரவு வேலை. பேனையைப்போலப் பொக்கெட்டில் கொழுவுகிற டோச் வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. நான் கடையிலுள்ள ஆகக் கூடின வெளிச்சத்தை எடுத்துக் கொடுத்தேன். அலுமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது: "இதவிடக் குறைய இல்லையா?" அடுத்ததைக் கொடுத்தேன். "இன்னும் குறைய?" வெளிச்சத்தைக் குறைத்துத் தா என்று கேட்டு வந்த முதல் ஆள் அவதான். விலையைக் குறைக்கச் சொல்லித்தான் மற்ற எல்லாரும் கேட்பார்கள்.

கடைசியில், வெளிச்சம் காணாதென்று மூன்று பேர் திருப்பித் தந்த டோச் ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதன் குறைந்த வெளிச்சத்தில் அதையே தேட வேண்டும். அதைக் கொடுத்தேன். முகம் மலர்ந்து வெளியே வந்தா. அன்றிலிருந்து, யார் வந்தாலும் எவ்வளவு கூடும் என்று நான் சொல்வதில்லை, எவ்வளவு குறைய வேணும் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பிள்ளை போகும்போது சொன்ன காரணம் இது: "சேலைன் சொட்டுறது தெரிஞ்சாக் காணும் காக்கா. கூட வெளிச்சம் அடிச்சா வோட்டுல படுத்திருக்கிற நோயாளியெல்லாம் எழும்பி, ஆளுக்கொரு வருத்தம் சொல்லத் தொடங்கிருவாங்க."

அணைக்க முடியாத டோச்

பொத்தான் ஒன்று, வேலை அஞ்சு என்று ஒரு டோச் வருகிறது. நீங்களும் வாங்கியிருப்பீர்கள், அழுதும் இருப்பீர்கள். ஒரு தரம் அமத்தினால் கூடின வெளிச்சம், மறுகா அமத்தினால் நடு, மறுகா குறைய, மறுகா மினுக்கல், அதற்கும் பிறகுதான் அணையும். அரிசி ஆலைக் காவல்காரர் ஒருவர் அதை வாங்கிப் போய், கண் சிவக்கத் திரும்பி வந்தார். அவர் அணைக்கப் போகிற ஒவ்வொரு தரமும் டோச் மினுங்க, முன்வீட்டுச் சனம் அம்புலன்ஸ் வந்துவிட்டதென்று கதவைத் திறந்துகொண்டு ஓடி வருகிறதாம். "திருப்பி எடுங்க காக்கா. அணைக்கப் போனா, ஆரு செத்த, ஆரு மௌத்து எண்டு கேட்டு ஆள் வருது."

நோன்பு மாதத்து வாடிக்கையாளர்

நோன்பு மாதம், பகல் ரெண்டு மணி. தொப்பி போட்ட, நாலு பேர் மதிக்கிற ஒருவர் வந்தார். பெயரை நீங்கள் என் கையை முறுக்கினாலும் சொல்லமாட்டேன். ஒரு டோச்சை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குள் போனார். போனவர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு இடுக்கால் பொரித்த றோல்ஸ் வாசம் வந்தது. மருமகன் மூக்கை உயர்த்தினார். நான் முகட்டைப் பார்த்தேன். உள்ளே கடதாசி கசங்கியது. டோச் பார்க்க நின்ற இன்னொருவர், "பெரிய சாமான் போல, நல்லா ஆராய்ஞ்சு பாக்கார்" என்றார்.

அலுமாரி பாவத்துக்கு இடம் கொடுக்கிறது, இதற்காகவாவது அது போக வேண்டும் என்று மருமகன் என் காதில் ஓதினார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அந்த டோச்சுக்குப் போட வைத்திருந்த பெட்டரி அங்கேதான் இருந்தது. கதவு திறந்தது. அந்த மனிசன் வாயைத் துடைத்து, டோச்சைப் பக்குவமாக மேசையில் வைத்துச் சொன்னார்: "வெளிச்சம் நல்லம் காக்கா. ஒரு மிடறு தண்ணி இரிக்கா?"

அலுமாரி ஏற்ற வந்த நாள்

பெருநாளைக்கு முந்திய கிழமை கைவண்டி வந்துவிட்டது. முதலில் என் கதிரையை ஏற்றினார்கள். அது போவதானால் என்னையும் கொண்டு போகட்டும் என்று நான் அதில் ஏறிக் குந்திக்கொண்டேன். பஸாரில் போகிறவர்கள், என்ன காக்கா, உங்களையும் வித்தாச்சா என்று கேட்டார்கள். விலை படியவில்லை என்றேன். 

கைவண்டிக்காரர் அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கியும்விட்டார். அந்த நேரம் கம்பஸில் படிக்கிற ரெண்டு பொடியன்மார் போன் கவர் கேட்டு வந்தார்கள். மருமகன் புதுப் பெட்டியை உடைத்து, "இது ராவையில பச்சையா மின்னும்" என்று ஒன்றைக் காட்டினார். "எங்க, காட்டுங்க பாப்பம்" என்றான் ஒருவன். மருமகன் வெளியே பார்த்தார். நட்டநடு உச்சி வெயில். ரெண்டு கையாலும் பொத்தி, விரலிடுக்கால் பார்க்கச் சொன்னார். மின்னவில்லை. மேசைக்குக் கீழே பிடித்தார். மின்னவில்லை. பிறகு அவர் கண் நான் உடுத்திருந்த சாறன் பக்கம் போனது. நான் காலை மடக்கி இறுக்கிக்கொண்டேன்.

மெல்லத் திரும்பி அலுமாரியைப் பார்த்தார். "கொஞ்சம் இறக்கி வைங்க" என்றார் கைவண்டிக்காரரிடம். பொடியன் உள்ளே போனான். மருமகன் கதவைச் சாத்தினார், அது திறந்தது. சாத்தினார், திறந்தது. முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார். "ஓம் மச்சான், மின்னுது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மற்றவனும் பார்க்க வேண்டும் என்றான். கைவண்டிக்காரர் விடியப்புறம் மீன் பெட்டி இழுக்கிறவர். அவரும் ஒரு சின்ன டோச்சைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். பணம் வாங்க மேசைக்குப் போனால் கதவு திறக்கிறது, கதவில் நின்றால் பணம் வாங்க முடியவில்லை. கதவுக்கும் மேசைக்குமாக ரெண்டு தரம் ஓடிய மருமகன், வண்டியில் குந்தியிருந்த என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாமா, கதிரைய எடுத்துக்கொண்டு உள்ள வாங்க. கதவுக்குக் கால் குடுக்க ஒரு ஆள் வேணும்."

இவ்வளவு காலமும் நான் வெளிச்சம் விற்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சனம் வந்ததெல்லாம், கறையான் தின்ற ஓர் அலுமாரிக்குள் நான் இனாமாகக் கொடுத்த இருட்டுக்குத்தான்.