டிராகன் வீட்டு நீலக் கறை

டிராகன் என்ற பேரை அவள் முதன்முதலாகக் கேட்டது ஒரு கம்பளிக் கோட்டால்தான். லாண்டரியில் கறை எடுக்கிற வேலை அவளுக்கு. யார் என்ன துணி கொண்டுவந்தாலும் முதலில், "இது என்ன கறை?" என்று கேட்பாள். அது தெரியாமல் கை வைக்கமாட்டாள். ரத்தத்தில் சுடுதண்ணீர் பட்டால் அது துணியிலேயே குடியேறிவிடும். மசிக்கு ஒரு மருந்து, எண்ணெய்க்கு ஒரு மருந்து.

கோட்டைக் கொண்டுவந்த அம்மாள், "டீதான். டிராகன் கொட்டிட்டான்" என்றாள்.

"யாரு?"

"என் தம்பிதாம்மா. டிராகன் கதையாவே படிச்சுப் படிச்சு அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. ஆளைப் பாத்தியானா சிரிப்பே. ஊதினா பறந்துடுவான்."

தம்பி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, சித்தி மகன். சித்தி சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்ததால், பெரியம்மா வீட்டில் ஐந்து பெண்களுக்கு நடுவே வளர்ந்தவர். அதனால்தான் பேச்சு குறைவு. அந்த வீட்டில் பேச இடம் கிடைத்தால்தானே!

அதற்கப்புறம் அந்த அக்கா அடிக்கடி கடைக்கு வந்தாள். ஒருநாள் மேசைமேல் ஒரு துணியை விரித்துப் போட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தும் அதில் ஒன்றும் இல்லை.

"எங்கே கறை?"

"கறையுமில்லை, ஒண்ணுமில்லை. உன்னைத்தான் பாக்க வந்தேன். டிராகனைக் கட்டிக்கிறியா?"

இருவருக்குமே கல்யாண வயசு தாண்டியிருந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெருப்புக் கக்காம இருந்தாச் சரி" என்றாள்.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் போகும்வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். துடைப்பார், முகர்ந்து பார்ப்பார், மறுபடி கழுவுவார். அப்புறம்தான் கண்ணாடி அலமாரியைத் திறப்பார். உள்ளே இருந்ததெல்லாம் ஒரே எழுத்தாளர் அம்மாவின் புத்தகங்கள். சிறகு முளைத்த பாம்பு, ஏரிக்கு அடியில் ஓர் ஊர், இப்படியான கதைகள். ஒரே கதைக்கே நான்கு பிரதிகள் இருந்தன. ஒன்று முதல் பதிப்பு. இன்னொன்றில் அச்சகத்தார் வரைபடத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள். அதற்குத்தான் அவரிடம் மரியாதை அதிகம்.

"ஒரே கதைக்கு எதுக்குங்க நாலு புத்தகம்?"

"நாலும் வேற வேற."

"எனக்கு நாலும் ஒண்ணாத்தான் தெரியுது."

"உங்க கடை வெள்ளைச் சட்டையெல்லாம் எனக்கும் ஒண்ணாத்தான் தெரியுது."



மேல்தட்டில் ஒரு புத்தகம் மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றித் தனியாக இருந்தது. லீவு நாள்களில் அதை எடுத்து, முதல் பக்கத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மறுபடி சுற்றி வைப்பார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒருநாள் தூசி தட்டும்போது பிரித்துப் பார்த்தாள். முதல் பக்கத்தில் கோழி கிண்டினாற்போல நீல மசி. மூலையில் ஒரு கிரீஸ் விரல் பதிவு. கெட்டுப்போன துணியைத்தான் ஜனங்கள் இப்படிச் சுற்றி மறைத்துக் கடைக்குக் கொண்டுவருவார்கள். 'பாவம், இதைப் பாத்துப் பாத்துத்தான் மனுஷன் மருகறாரு' என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷக் கல்யாண நாளுக்கு அதைச் சுத்தமாக்கிக் கொடுக்க நினைத்தாள். அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு லீவு போட்டாள். பக்கத்துக்கு அடியில் வெள்ளைத் துணி வைத்து, குச்சியில் பஞ்சு சுற்றி, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மசி துணிக்கு இறங்கியது. கிரீஸ்தான் அசையவில்லை. பாரம் வைத்துக் காயவிட்டாள்.

அவர் வந்து கை கழுவியதும், "கண்ணை மூடிட்டுத் திறங்க. பாருங்க, மசி ஒரு பொட்டு இல்லை!" என்று நீட்டினாள்.

அவர் முகமும் அந்தப் பக்கம் போலவே வெளுத்துவிட்டது.

"அது அவங்க கையெழுத்து" என்றார்.

"எவங்க?"

அவர் அலமாரியைக் காட்டினார். அந்த எழுத்தாளர் அம்மா போன வருஷம்தான் காலமானார். செய்தி வந்த அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. அவள் வயிற்றுவலி என்று நினைத்திருந்தாள்.

ஊரார் துணிக்கெல்லாம் கேட்ட வாய், வீட்டு மனுஷனிடம் கேட்கவில்லையே! ஏற்கெனவே பேச்சு குறைவானவர். இனி தன்னிடம் வாயே திறக்கமாட்டார் என்று பயந்தாள். அவர் எழுந்து போய், கழுவிய கையையே மறுபடி கழுவினார். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை. பிறகு வந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கடைக்கு வர்றவங்ககிட்டே முதல்ல என்ன கேப்பே?"

"இது என்ன கறைன்னு."

"என்னையும் கேளு."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இது என்ன கறைங்க?"

அவர் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. ஒரு கட்டிடத்தில் லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே புத்தகக்கடைக்கு அந்த அம்மா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, வேலை உடுப்போடு ஓடியிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் கிரீஸ் ஒட்டுமென்று விலகி நின்றார்களாம். இவர் முறை வந்ததும் பதற்றத்தில் பக்கத்தைத் திறக்க, கட்டைவிரல் பதிந்துவிட்டது. அழாத குறை.

"அந்த அம்மா பாத்துட்டு, 'நீங்க கைநாட்டு வெச்சுட்டீங்க, சாட்சிக்கு நான் கையெழுத்துப் போடறேன்'னாங்க. அப்புறம், 'நடுவுல நின்னுபோற லிஃப்டுக்குள்ள என்னென்ன இருக்கும்?'னு கேட்டாங்க. நான் பேயறைஞ்ச மாதிரி நின்னேன். ஒண்ணுமே சொல்லாம வந்துட்டேன். பெருமூச்சு அதுக்குத்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கிரீஸ் மட்டும் போகலைங்க. காகிதத்துல ஊறிடுச்சு" என்றாள்.

அவர் மூலையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எழுதினவங்க போயிட்டாங்க, கையெழுத்தும் போச்சு. கைநாட்டு மட்டும் கல்லு மாதிரி நிக்குது பாரு!"

வருத்தம் இல்லாமலில்லை. பல நாள் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். ஆனால் மறுபடி அதைத் துணியில் சுற்றவில்லை.

"நின்னுபோன லிஃப்டுக்குள்ள என்னதாங்க இருக்கும்?" என்று அவள் அடுத்த லீவு நாளில் கேட்டாள். "இதெல்லாம்தான்" என்று அவர் புத்தகத்தைத் திறந்து, முதல் கதையிலிருந்து அவளுக்கு வாசிக்க ஆரம்பித்தார்.

விஷயம் அக்கா காதுக்கும் போயிற்று. "டிராகன் புதையல்ல கை வெச்சுட்டு உயிரோட இருக்கியேடி!"

"நெருப்பெல்லாம் கக்கலை அண்ணி. கதைதான் சொன்னாரு."

டிராகன் இப்போது முட்டி தேய்ந்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். மத்தியானத்தில் லாண்டரியின் பின்னறையில், நீராவி படாத மூலையில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் கறை எடுக்க, அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.