ஊதாக் குறி வைத்த முழங்கால்

பல் பிடுங்குகிறவர் பிடுங்கின பல்லைக் காட்டலாம். மூக்குக்கண்ணாடி கொடுக்கிறவர் எழுத்தை வாசிக்கச் சொல்லலாம். முழங்கால் நோவுக்குச் சூடு பிடிக்கிற எங்களிடம் மட்டும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆள் சுகமாகிப் போனால் எதனால் சுகமானார் என்று தெரியாது. சுகமாகாவிட்டால் அதுவும் ஏன் என்று தெரியாது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு வைத்தியசாலையில் அப்படித் தெரியாமலேயே பதினொரு வருடம் வேலை செய்தேன். கதிரையிலிருந்து எழும்பும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்கிற வாசகர்களே, இது உங்களுக்குத்தான். நீங்கள் காலை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்த்திருந்த நேரத்தில், எதிர்ப்பக்கத்தில் நின்றவளும் குழம்பித்தான் போயிருந்தாள் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

கத்தி இல்லாத அறை

எங்கள் அறையில் நோயாளி காலை நீட்டியிருக்க ஒரு நீட்டு வாங்கு, சிவப்பு வெளிச்சம் தரும் ஒரு சூட்டு விளக்கு, மணல் நிரப்பித் தைத்த நாலு பைகள். அவ்வளவுதான். தேய்ந்துபோன முழங்காலை எங்கள் டொக்டர் வெட்டமாட்டார். மூட்டுக்குள் ஓர் ஊசியை அவரே போடுவார். பிறகு ஆளை என்னிடம் அனுப்புவார். நான் பத்து நிமிடம் விளக்குச் சூடு காட்டி, கணுக்காலில் மணல்பையைக் கட்டி, காலை நீட்டித் தூக்கப் பழக்க வேண்டும். தொடைத் தசை பலமானால் முழங்காலுக்குப் பாரம் குறையும் என்பது அவர் கணக்கு.

கிண்ணியாவிலிருந்து காதர் நாநா வந்தது அப்படித்தான். துறைமுக லோஞ்சுப் படகு ஓட்டுகிற தண்டையல். எந்தக் கால் என்று கேட்டேன். "ரெண்டும்தான், ஒண்டு கூட, ஒண்டு கொறய" என்றார். நடையைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கடலில் நின்று பழகினவர்களின் நடை கரையில் இரண்டு பக்கமும் ஆடும். ஆறு கிழமையில் துறைமுகத்தில் அவருக்குச் சோதனை. கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்று ஏணியில் பன்னிரண்டு படி ஏறிக் காட்ட வேண்டும்; பிறகு அதிகாரி முழங்காலையும் பார்ப்பார். ஏறாவிட்டால் லோஞ்சை வேறொருவருக்குக் கொடுத்து, அவரைக் கரையில் சாமான் அறைக்கு மாற்றிவிடுவார்கள். இருபத்தைந்து வருடம் கடலில் நின்ற மனிதர். வெட்டு இல்லை, விளக்குத்தான் என்று நான் விளக்கிச் சொன்னதும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தை வடிவாகப் பார்த்தார்.

"கடல்ல எனக்குக் கெடைக்காத வெயிலா புள்ள ஒங்கட வெளக்குல இரிக்கி?"

வறுத்த மணல்

சாம்பல்தீவுப் பொன்னம்மாக்கா தோட்டக்காரி. குந்தியிருந்து புல்லுப் பிடுங்க ஏலாது என்று வந்தவ. தினமும் பஸ்ஸில் வர வசதியில்லாததால் ஒரு மணல்பையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் பத்துத் தரம், பின்னேரம் பத்துத் தரம். செய்து காட்டியும் விட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு போனா.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவ நடந்து வந்த விதத்தைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. டொக்டரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு பையைப் பார்த்தேன். ஒரு பக்கம் கருகியிருந்தது. பையைப் பிரித்து, மணலைச் சட்டியில் வறுத்து, திரும்பப் பையில் கொட்டி முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறா. ஒருநாள்கூடக் காலில் கட்டவில்லை. டொக்டர் என்னைப் பார்த்தார், நான் டொக்டரைப் பார்த்தேன். நான் கேட்கமுதலே அவ சொன்னா:

"சும்மா கிடந்த மணலைக் காலிலை கட்டித் தூக்குறதுக்கு எனக்கென்ன விசரே பிள்ளை?"

டொக்டரின் ஏற்பாடு

பொன்னம்மாக்காவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தக் கால் என்று கேட்டால் ஒருநாள் வலதைக் காட்டுவா, மற்ற நாள் இடதை. "இண்டைக்கு இது" என்பா. இப்படிப் பலபேர். இதற்கு முடிவுகட்ட டொக்டர் ஓர் ஏற்பாடு செய்தார். ஊசி போட்டதும், புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்தால் அந்த முழங்காலில் உட்பக்கம் வரைக்கும் பெரிதாக ஒரு சிலுவைக் குறி போடுவார். எனக்கு அனுப்பும் துண்டுக் காகிதத்தில் "குறியுள்ள கால்" என்று மட்டும் எழுதுவார். குறி மங்கினால் நான் மேலே பூசிப் புதுப்பிக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் தவறாமல் செய்தேன்.

காதர் நாநாவுக்கும் குறி போட்டார். நான் அப்போது அந்த அறையில் இல்லை. அடுத்தநாள் என்னிடம் வந்தபோது இடது முழங்காலில் ஊதா நிறம் பளிச்சென்று இருந்தது. ஐந்து கிழமை இடதுகாலுக்கே சூடு, இடதுகாலுக்கே மணல்பை. அந்தக் கால் எவ்வளவு பாரம் கட்டினாலும் தூக்கியது. என் கைராசி என்று நினைத்தேன். மற்ற நோயாளிகளிடமும் அவரைக் காட்டிப் பேசினேன். ஒருநாள் சந்தோஷத்தில், இவ்வளவு கெதியாக யாருக்கும் சுகம் வந்ததில்லை என்று அவரிடமே சொன்னேன்.

"அது எப்பவும் நல்லாத்தான் புள்ள இரிக்கி" என்றார். பணிவான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு எஞ்சின்

சோதனைக்கு ஒரு கிழமை இருக்கும்போது டொக்டர் அவரைப் பார்க்க வந்தார். வாங்கில் நீட்டியிருந்த இரண்டு காலையும் பார்த்துவிட்டு, "நான் ஊசி போட்டது வலது முழங்காலுக்கு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். வலதில் குறியே இல்லை.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. குறி காயமுதலே சாரத்தை இறக்கிவிட்டு ஓடிப்போய், ஆளேற்றிக் கரைகடத்தும் பாதைப்படகில் ஏறியிருக்கிறார். சனநெருக்கம். இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்துக்கொண்டு கிண்ணியா போய்ச்சேரும் மட்டும் இருந்ததில், குறி மற்றக் காலிலும் ஒற்றிக்கொண்டது. அன்றிரவு நோகிற காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் உண்மைக் குறி போய்விட்டது. நோகாத காலில் ஒற்றின குறி அப்படியே இருந்தது. அதைத்தான் நான் திங்கட்கிழமைதோறும் கவனமாகப் புதுப்பித்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால் ஒரு மனிதரின் லோஞ்சு போகப்போகிறது. "ஏன் நாநா ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

"ஒரு எஞ்சின் பழுதெண்டா மத்த எஞ்சினத்தானே புள்ள நாங்க கூடக் கவனிப்பம்? ஒங்கட வைத்தியமும் அப்படித்தானாக்கும் எண்டு நெனச்சன்."

பன்னிரண்டு படி

ஒரு கிழமையில் தசை வளராது என்றார் டொக்டர். மணல்பையை வலதுகாலுக்கு மாற்றினோம்; அந்த அவசரத்தில் இடதிலிருந்த குறியை அழிக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் நம்பிக்கை வேறிடத்தில் இருந்தது: ஒவ்வொரு படிக்கும் முதலில் இடதுகால், பிறகு வலதைப் பக்கத்தில் வைப்பது, திரும்ப இடது. வைத்தியசாலைத் தச்சரின் ஏணியைச் சுவரில் சாத்தி ஆறு நாளும் அதையே பழக்கினேன்.

சோதனையன்று லீவு எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். முழங்காலுக்கு மேலே நிற்கிற காக்கிக் காற்சட்டையோடு காதர் நாநா ஏணியைப் பிடித்தார். கயிற்று ஏணி சுவர் ஏணி மாதிரி நிற்காது, ஆடும். இடது, வலது. இடது, வலது. ஏழாவது படியில் நின்றுவிட்டார். பிறகு இடது. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மேலே நின்ற அதிகாரி கை கொடுத்து ஏற்றினார்.

இனி முழங்காலைப் பார்ப்பார்களே என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதிகாரி குனிந்தார். ஊதாக் குறியைக் கண்டார். அந்தக் காலைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், அமத்தினார். காதர் நாநா முகம் சுளிக்காமல் நின்றார். எந்தக் கால் என்று அதிகாரி கேட்கவும் இல்லை. மற்றக் காலைத் தொடவும் இல்லை. எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காதர் நாநா அந்தக் கடதாசியோடு கீழே வந்தார். ஏறினது அவருடைய கால்தான், அதில் பொய் இல்லை. ஆனால் நோகாத காலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது? அதை டொக்டரிடம் சொல்வதா விடுவதா? ஒன்றும் பிடிபடாமல், முதலில் அந்தக் குறியை அழிப்போம் என்று கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அழிச்சிப்போடாதீங்க புள்ள, அடுத்த வருசமும் சோதனை இரிக்கி."

அவரைக் காப்பாற்றினது ஊசியா, விளக்கா, மணலா, என் பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் முழங்காலை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தால், எந்தக் கால் என்று மூன்று தரம் கேட்காமல் விளக்கைப் போடமாட்டேன்.