சிவப்புத் துணி கட்டிய ஒன்பது செடிகள்

கந்தப்பளைக்கு மேலே, கவ்வாத்து வெட்டிய மலையில் நான் துணி கட்டி வைத்திருந்த ஒன்பது தேயிலைச் செடிகளும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. தண்டில் பாசி போலப் படரும் இலைக்கன் ஒரு பொட்டுகூட இல்லை. ஆய்வுகூட உதவியாளனாக எனக்கு அது ஐந்தாவது மாதம். ஆறாம் மாதம் என் வேலை நிரந்தரமா இல்லையா என்று ஆய்வுகூடப் பொறுப்பாளரான மேடம் எழுத வேண்டும்.

அந்த இலைக்கன் வெள்ளைப் படை. மேலே கடுகு போலக் கறுப்புத் தட்டுகள். அதே தோற்றத்தில் இரண்டு வகை உண்டு. தட்டு ஒன்றை பிளேடால் மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் வைத்து, உள்ளே விதைத் துகளாக இருக்கும் வித்தியைப் பார்த்தால்தான் பெயர் சொல்லலாம். வித்தி நிறமில்லாமல் ஒரே அறையாக இருந்தால் ஒரு வகை. பழுப்பாக, நடுவில் சுவர் விழுந்து இரண்டு அறையாக இருந்தால் மற்றது. நான் முதலில் கொண்டுபோனவை பிஞ்சு. பிஞ்சில் எல்லா வித்தியும் நிறமில்லாமல்தான் தெரியும்.

"முத்தட்டும். செடியளை அடையாளம் பண்ணிப்போட்டு வாரும்," என்றார் மேடம். அவர் யாழ்ப்பாணம்.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கிச் சிவப்புத் துணி கட்டினேன்.

கவ்வாத்துக்குப் பிறகு பெண்கள் ஆளுக்கொரு நிரையாகத் தண்டுப் பாசியைச் சுரண்டுவார்கள். சுரண்டியது சரியில்லை என்றால் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அந்தச் செடியில் சிவப்புத் துணி கட்டுவார். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத் தெரியாது. படிப்புக் கெடும் என்று அம்மா என்னை மலைப்பக்கம் விட்டதில்லை.

"ஆர் செய்தது? உமக்குத் தெரியுமோ?" என்னோடு மலைக்கு வந்த மேடம் வெறும் தண்டுகளைப் பார்த்துக் கேட்டார்.

புல் எடுக்க வந்த பெண்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். அவர்களில் அம்மாவும். விரல் நுனியெல்லாம் வெள்ளைத் தூள்.

"தெரியாது மேடம்," என்றேன்.

"இது யாரு நிரை? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார் கணக்கப்பிள்ளை.

அம்மா முன்னால் வந்தார். "என் நிரைங்க. துணியப் பாத்ததும் வேல பத்தலன்னு நெனச்சு, கத்தியால சுரண்டிட்டேன். சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சார் என்றது என்னை.

"இன்னைக்கு ஒனக்குப் பேரு இல்ல. வீட்டுக்குப் போ," என்றார் கணக்கப்பிள்ளை. பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவருக்கு எங்கள் இருவரையும் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பின்னேரம் லயத்தில் அம்மாவின் நகத்திடுக்கிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்தேன். அம்மா கையை நீட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஸ்லைடில் பார்த்தேன். வித்திகள் பழுப்பு, இரண்டு அறை, நன்றாக முத்தியவை. எந்தச் செடியின் தூள் என்று சொல்ல முடியாததால் மாதிரியாகப் பதிய முடியாது. ஸ்லைடைக் கழுவி வைத்தேன்.

வேலை நிரந்தரமானது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. செடியில் எதைக் கட்டுவதற்கு முன்னாலும் துரையிடம் மட்டும் கேட்காதீர்கள், அந்த நிரையில் நிற்கிறவர்களிடம் கேளுங்கள்.

இப்போதும் மலையில் என்னைக் கண்டால் அம்மா விலகி நின்று வழிவிடுகிறார். "வாங்க சார்," என்கிறார்.