கம்பி கட்டிய தாடைக்கு எக்நாக்

டிசம்பர் தொடக்கத்தில், மங்கலம் ரோட்டில் கொட்டிக் கிடந்த எம்-சாண்ட் மணலில் பைக் வழுக்கி, என் கணவரின் கீழ்த்தாடை உடைந்தது. ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. எதுவானாலும் கட்டியில்லாமல் தண்ணீராகக் கொடுக்க வேண்டும், கன்னத்தோரம் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சினால் பல்லிடுக்கு வழியாக உள்ளே இறங்கும் என்றார்கள். வாந்தி வந்தால் கம்பியை வெட்டிவிட ஒரு கட்டரும் கொடுத்தார்கள். அதைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

கஞ்சித் தண்ணீர், ராகிக் கூழ், பருப்புத் தண்ணீர் என்று முதல் வாரம் கொடுத்ததையெல்லாம் குடித்தார். அடுத்த வாரம் டம்ளரைத் தள்ளிவிட ஆரம்பித்தார். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிற மனிதர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். பல்லைக் கடித்தபடியே பேச முடியும். அதையும் நிறுத்திவிட்டார். சட்டை தோளில் தொங்கியது.

செக்கப்புக்குப் போனபோது டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். எடை இப்படியே இறங்கினால் எலும்பு எப்படிக் கூடும், முட்டை கொடுங்கள், ஆனால் பச்சையாக வேண்டாம் என்றார். வேகவைத்த முட்டையைப் பல்லிடுக்கு வழியாக எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. நாங்கள் இருப்பது ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடு. வீட்டு ஓனர் அய்யப்பனுக்கு மாலை போட்டிருந்தார். அவர் மலைக்குப் போய் வரும்வரை காம்பவுண்டுக்குள் கறி, முட்டை வேண்டாமென்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவர்களான நாங்களும் சரி என்று சொல்லியிருந்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், என் கம்பெனியில், எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையரான ஒரு பெண்ணோடு வீடியோ காலில் இருந்தேன். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசர் நான். அந்தப் பெண்ணிடம் வாராவாரம் பேசுவேன், கலரும் அளவும் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் கையில் ஒரு பெரிய கப் இருந்தது. அதைக் கேமரா பக்கம் சாய்த்துக் காட்டினார். எக்நாக், முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சியது என்றார். பல் எல்லாவற்றையும் எடுத்த பிறகு தன் அப்பா பல நாள் இதைக் குடித்துத்தான் தேறினார் என்றார். அவர்கள் ஊரில் ரம் சேர்ப்பார்களாம், நீ அதை விட்டுவிடு என்று சொல்லி, மஞ்சள் கருவில் சர்க்கரை போட்டு அடிப்பதிலிருந்து ஜாதிக்காய் தூவுவது வரை, டி-ஷர்ட் அளவு சொல்கிற அதே நிதானத்தோடு சொல்லிக்கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியமே லீவு போட்டுவிட்டு வந்தேன். நாட்டு மருந்துக் கடையில் ஜாதிக்காய் கேட்டபோது, குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கவா என்று கேட்டார்கள். கணவருக்கு என்று சொன்னதும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். முட்டை நாலு வாங்கிப் பையின் அடியில் வைத்தேன். காம்பவுண்டு கேட்டைத் திறந்தேன். மறைத்துச் செய்ய மனசு வரவில்லை. நேரே வீட்டு ஓனர் வாசலுக்குப் போய் நின்றேன்.

ஓனர் வீட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். கறுப்பு வேட்டியோடு ஓனர் எழுந்து வந்தார்.

"நோவுல கெடக்கறவருக்கு ஆக்கிக் குடுக்கறதுக்கு எங்கிட்ட எதுக்குங்க கேட்டுட்டு நிக்கறீங்க? அய்யப்பன் கோச்சுக்க மாட்டாருங்க," என்றார்.

அந்த அம்மா அதற்குள் ஒரு சொம்போடு வந்துவிட்டார். "பாக்கெட் பாலை ஊத்தாத அம்முணி. இப்பத்தான் கறந்தது, கொண்டு போ."

வீட்டுக்கு வந்து பாலைச் சுடவைத்தேன். இரண்டு மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு வெளுக்கிறவரை அடித்து, கொதிக்கிற பாலை மொத்தமாக அதில் கவிழ்த்தேன். கண்ணெதிரிலேயே முட்டை திரிந்து, பொரியல் மாதிரி மிதந்தது. அவசரம்தான். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும் என்று பையர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அழுகை வந்தது. மீதி இருந்தது இரண்டே முட்டை.

பால் கொதி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். இந்த முறை ஒவ்வொரு கரண்டியாக விட்டேன், விடவிடக் கலக்கினேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மிகச் சிறிய தீயில் வைத்து, கரண்டியின் முதுகில் பூசினாற்போல் ஒட்டும்வரை கை எடுக்காமல் கிண்டினேன். ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாதே என்று, வெந்நீரில் அலசிய வெள்ளை பனியன் துணியில் ஊற்றி வடிகட்டினேன். மெதுவாகத்தான் இறங்கியது. ஆறியதும் ஜாதிக்காயைப் பொடிப்பொடியாகச் சீவி, துளி தூவினேன். இளமஞ்சளாக, ஒன்றரை டம்ளர் தேறியது.

அவர் எழுந்து உட்கார்ந்தார், எனக்காகத்தான். ஸ்ட்ராவை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினார். என் கண் கட்டரின் மேல் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி உறிஞ்சினார். டம்ளர் காலியாகி ஸ்ட்ரா கரகரவென்று சத்தம் போடும்வரை நான் மூச்சே விடவில்லை.

"இன்னும் இருக்கா புள்ள?" என்றார், பல்லுக்குள்ளிருந்து.

இருந்த அரை டம்ளரையும் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா," என்று குறைப்பட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் சமையலில் குறை சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கு அந்தக் குறையைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பதினைந்து நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது.

மறுநாள் விடியலில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக நான் கோயிலுக்குக் கிளம்பும்போது அவரும் எழுந்து சட்டையை மாட்டினார். வேண்டாம், கூட்டமாக இருக்கும் என்றேன். கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போனோம். கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைத்தது. எல்லாரும் பாடினார்கள். அவர் வாயைத் திறக்காமலே, மூக்கால் ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை திரும்பித் திரும்பி அவரையே பார்த்தது. அவர் அதைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.