ஒளிரக் கூடாத குழாய்

அக்காவுக்கு நான் வைத்த பட்டப்பெயர் மின்மினி. கிருமிகளை ஒளிர வைத்துச் சம்பளம் வாங்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கிருமிக்குள் ஒரு மரபணு எப்போது விழிக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதாம். அதனால் அந்த மரபணுவின் சுவிட்சை, பச்சையாக ஒளிரும் இன்னொரு மரபணுவோடு இணைத்துவிடுவாள். அது விழித்தால் கிருமி ஒளிரும். சூடு தாங்காமல் கிருமி தவிக்கும்போதுதான் அது விழிக்கிறது என்பது அவள் கட்சி. மூன்று வருடமாக இதையே கட்டிக்கொண்டு அழுகிறாள். ஒப்பிட்டுப் பார்க்க, சுவிட்ச் இணைக்காத கிருமியும் ஒரு குழாயில் இருக்கும். அது இருட்டாகவே இருக்க வேண்டும்.

அவளுக்கு வேலை நீட்டிப்பு உண்டா என்று முடிவு செய்யும் கூட்டம் மறுநாள். அத்தானுக்கும் அப்போது வேலை இல்லை. மத்தியானம் போன் செய்தாள்.

"அது ஒளிருதுடி."

"நல்லதுதானேக்கா?"

"ஒளிரக் கூடாதது ஒளிருது. இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் தப்பா இருக்கலாம்."

போனை வைத்துவிட்டாள். நான் அழைத்தபோது எடுக்கவில்லை.

அவள் நேராகத் தன் ஆய்வுக்கூடத் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து, கிருமியே இல்லாத வெறும் சாற்றை ஒளி அளக்கும் கருவியில் வைத்தாள். அதுவும் ஒளிர்ந்தது. கிருமிகள் தின்று வளரும் அந்த மஞ்சள் சாற்றுக்கே கொஞ்சம் ஒளிரும் குணம் உண்டு. எப்போதும் அதை வடித்துவிட்டு, கிருமிகளை உப்புநீரில் அலசித்தான் அளப்பாள். கூட்டத்து அவசரத்தில் அலசாமல் வைத்துவிட்டாள். வீட்டில் ஒரு டம்ளரை மூன்று தடவை அலசி எங்கள் உயிரை வாங்குகிறவள்!

சாயங்காலம் போன் வந்தது.

"அலசிட்டு வச்சேன். இப்போ கும்மிருட்டு."

"மத்த குழாய்?"

"அது நல்லா ஒளிருதுடி," என்றவள் அழுதுவிட்டாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.

"ஏன்க்கா உடனே அவர்கிட்ட போய்ச் சொன்னே? கொஞ்சம் பொறுத்திருக்கலாமே."

"ஒத்தக் குழாய்தானே, கொட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு தோணிச்சு. அப்படித் தோணினதும் பயந்துபோய் ஓடினேன்."

மத்தியானம் நானும் கொட்டிவிடச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் போனை வைத்தது நல்லதாகப் போயிற்று.