ஏரோப்பிளேனில் வலது பக்கம்

இன்று சாயங்காலம் அரிமளம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். கொழும்புக்கு ஒரே ஒரு தடவை ஏரோப்பிளேனில் போய்வந்தவர்.

"திருச்சியில ஏறுனா வலது பக்கந்தான் உக்காரணுங்க. நம்ம ஊரு கம்மாத் தண்ணி, கடல்ல போற படகு எல்லாம் தெரியும். இடது பக்கம் உக்கார்றவன் மடையன்."

ஏரோப்பிளேனில் கால் வைக்காத பஸ் முழுவதற்கும் இந்தப் பாடம் நடந்தது.

பஸ்ஸிலும் அவருக்கு வலது பக்க ஜன்னல்தான். மேற்கு வெயில் முகத்தில் அடித்ததும் படுதாவை இறக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

அரிமளத்தில் பஸ் நின்றது.

"எங்க ஊரு இன்னும் வரலையா?" என்றார்.

"அப்பவே போயிருச்சுங்க. கூப்புட்டேன், நீங்க பேச்ச நிறுத்தல. வலது பக்கந்தான் இருந்துச்சு," என்றார் கண்டக்டர்.

ஜவுளிக்கடைக்காரர் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து போனார். வழியில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ரோட்டில் எந்தப் பக்கமாக நடந்தார்?