நாலு போல்ட் போட்ட இரும்பு

நிற்கிற வண்டி எதுவானாலும் அதன் அடியில் ஒருமுறை குனிந்து பார்க்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது. கல்யாண மண்டபத்து வாசலிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வாசலிலும் அப்படித்தான். எதையோ தவறவிட்டுவிட்டார் என்று நினைத்துக் கூடவே குனிந்து தேடியவர்கள் உண்டு. அவர் தேடுவது, கொக்கி மாட்ட வாகான இடத்தை. இருபத்தாறு வருஷமாக அவர் குனியும்போதெல்லாம் மனைவியும் நிற்பாள், நிமிர்ந்ததும் நடப்பாள். ஊரார் அவருக்குக் கொக்கி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

வழியில் பழுதாகி நிற்கும் வண்டிகளை இழுத்து வருவது கொக்கியின் தொழில். ஒரு நாள் பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடந்த ஒரு ரெக்கவரி வண்டியைப் பார்த்து மயங்கிப் போனார். பின்பக்கம் மூன்று கால் நிறுத்தி, கப்பி தொங்கவிட்டு, கையால் சுற்றிச் சங்கிலியை ஏற்றுகிற அந்தக் காலத்து அமைப்பு.

"இது வர்றதுக்கு முன்னாடி பள்ளத்துல விழுந்த காரை ஆறு பேர் கயிறு கட்டி நாள் பூரா இழுக்கணும். அந்த ஆறு பேர்ல எவனுக்கோ இடுப்பு பிடிச்சிருக்கு, உடனே இதை யோசிச்சிருக்கான்" என்பார் வருகிறவர்களிடம்.

வண்டி வீட்டுக் கொட்டகைக்கு வந்தது. அதே கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து மனைவி சீட் உறை தைப்பாள். வண்டியின் முன் பம்பருக்குப் பின்னால் கனத்த இரும்புப் பலகை ஒன்று இருந்தது. "மூக்குல கட்டி வந்த மாதிரி! எவனோ அறிவுகெட்டவன் மாட்டியிருக்கான்" என்று அதைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினார். அவள் பார்த்தது போல்ட்டுகளை. கட்டைவிரல் தடிமனில் நாலு. சும்மா கிடக்கிற இரும்புக்கு யார் இத்தனை போடுவார்கள்? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

துரு நீக்கி வண்டியை ஓட வைத்ததும், பழைய வண்டிகளின் அணிவகுப்புக்குப் பேர் கொடுத்தார். அங்கே ஒரு நிபந்தனை: வண்டி தன் சங்கிலியால் ஒரு காரைத் தூக்கி, மைதானத்தை ஒரு சுற்று இழுத்துவர வேண்டும். செய்தால் அணிவகுப்பில் இடம். இல்லையென்றால் வேலியோரம் நிற்கும் பொம்மை. நாலு வருஷ உழைப்பு பொம்மையாகிவிடுமோ என்று அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கொட்டகையில் வெறும் சங்கிலியைத்தான் ஏற்றிப் பார்த்திருந்தார். அணிவகுப்பு நாள் காலை, மைதானத்தில் காரில் கொக்கியை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். கார் அசையவில்லை. அவருடைய வண்டியின் முன்சக்கரங்கள்தான் மெல்ல மேலே எழும்பின.

"மாமா, காரைத் தூக்கச் சொன்னா உங்க வண்டியையே தூக்கறீங்களே!" என்றான் மச்சான், மனைவியின் தம்பி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவனும் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவன்தான், பட்டனை அழுத்தினால் வேலை முடிகிற புது வண்டி.

கொக்கி கப்பியைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், மறுபடி சுற்றினார். மறுபடியும் முன்பக்கம் எழும்பியது. சோதிக்க வந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணி வரைக்கும் பார்க்கறேன். அப்புறம் வேலியோரமா விட்டுடுங்க."

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏங்க, அந்த இரும்பு."

"எந்த இரும்பு?"

"மூக்குல கட்டின்னு கழட்டிப் போட்டீங்களே. முன்பக்கத்தை அழுத்திப் பிடிக்கத்தான் அது. இல்லாட்டி நாலு போல்ட் எதுக்கு?"

கொக்கியின் கை கைப்பிடியிலேயே நின்றது. "இதை நாலு வருஷமா மனசுல வச்சிருந்தியா? நான் எப்போ பேசாதேன்னு சொன்னேன்?"

"சொல்லலை. நீங்க வாயை மூடினாத்தானே நான் திறக்க?"

இந்தத் தடவை கூட்டத்தோடு அதிகாரியும் சிரித்துவிட்டார். மச்சான் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான். கொட்டகையிலிருந்து இரும்பும் போல்ட்டுகளும் வந்து இறங்கும்போது பதினோரு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. மூன்று பேர் பிடித்துக்கொள்ள, கொக்கி மண்ணில் மல்லாந்து படுத்து முடுக்கினார்.

"அக்கா, இது மாமாவை விடக் கனம்!" என்று மச்சான் முனகினான்.

கைப்பிடி சுற்றியது. முன்சக்கரங்கள் தரையை விடவில்லை. காரின் மூக்கு ஒரு சாண் எழும்பியது, பிறகு ஒரு முழம். கொக்கி மனைவியைப் பார்த்து, "ஏறு" என்றார். அவள் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கத்தில் மடியையே பார்த்தபடி மைதானத்தைச் சுற்றி வந்தாள். அதிகாரி அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த வண்டி வருஷத்துக்கு இரண்டு அணிவகுப்புக்குப் போகிறது. கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் வந்து நிற்கிறது. பாதி கழற்றியாயிற்று, மீதியை அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் கொக்கி கழற்றுகிறார்.